பொரி போட்ட அண்ணன்

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆவணி மாதம், ஊரப்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டு மாடியில் இருந்துகொண்டு, இனி நான் உயிரோடு இருந்து யாருக்கு என்ன பயன் என்று யோசித்தேன். முருகன் அடியார்கள் படிக்கிற சஷ்டி மலரில் இப்படித் தொடங்குவது அழகில்லைதான். ஆனால் நடந்தது அதுதான். அழகாகச் சொல்லப்போனால் பொய்யாகிவிடும். பொய் கலந்து முருகனுக்கு நன்றி சொல்ல எனக்கு விருப்பமில்லை.

வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருகிறவர்கள் பலர் என்னைக் கேட்டிருக்கிறீர்கள், "அக்கா, நீங்கள் யாழ்ப்பாணத்து ஆள், உங்களுக்கு எப்படிச் செங்கல்பட்டுப் பக்கம் அண்ணன்?" என்று. அதற்குத்தான் இந்தச் சாட்சி.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணா ஒருவன் இருந்தான். ரூபன். அம்மாவுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் ஷெல் விழுந்து செத்துப் போனான். அப்பா அதற்கு முன்பே இல்லை. பிறகு ஊரே தெருவில் இறங்கி நடந்தது; நானும் அம்மாவும் நடந்தோம். கொழும்பில் ஒரு லாட்ஜில் கிடந்தபோது கல்யாணம் பேசி வந்தது. மாப்பிள்ளை இந்தப் பனி நாட்டில் அகதி. நாட்டின் பெயர் வேண்டாம், சோறு போடுகிற நாட்டைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். அவரால் இலங்கைக்கு வர முடியாது. எங்களால் இங்கே வர முடியாது. இரண்டு பக்கமும் வந்து சேரக்கூடிய இடம் சென்னைதான். அந்த நாட்களில் எங்கள் சனத்தில் எத்தனையோ பேருக்கு அப்படித்தான் தாலி ஏறியது.

ஊரப்பாக்கம் எங்களுக்கு வெளிநாடுதான். தமிழ் பேசுகிற வெளிநாடு. நான் கடையில் பேசினால், "இன்னாம்மா, மலையாளமா?" என்பார்கள். அம்மா தினமும் தேங்காய் வாங்குவதைப் பார்த்து வீட்டுக்கார அம்மா, "கொயம்புக்கு ஊத்துறீங்களா, தலைக்குத் தேய்க்கிறீங்களா?" என்று கேட்டார். சாம்பார் எங்களுக்கு இறங்கவில்லை, எங்கள் தேங்காய்ப்பால் சொதி அவர்களுக்குப் பிடிக்கவில்லை. காவல் நிலையத்தில் பதிய வேண்டும், விசா முடிய முடியப் போய் நிற்க வேண்டும். ரயில் தண்டவாளத்தின் ஓரமாக நடக்கும்போது மின்சார ரயில் ஊதினால் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவார்.

தொண்ணூற்றேழு ஆனியில் திருப்போரூர் கந்தசாமி கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை லீவு எடுத்து வந்திருந்தார். அவர் பக்கம் ஒரு மாமா, என் பக்கம் அம்மா, படம் பிடிக்க ஒருவர். அவ்வளவுதான் கூட்டம். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ பிடித்து, வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் வந்து, தெற்கே திரும்பிப் போனோம். ஆட்டோ ஓட்டியவர் பெயர் ஏழுமலை. மாம்பாக்கத்துக்காரர். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். கல்யாணப் பெண் ஏன் அழுதுகொண்டு வருகிறாள் என்று கேட்டார்.

ஹோமம் வளர்த்த பிறகு குருக்கள், "பொண்ணுக்குச் சகோதரன் வரட்டும், பொரி போடணும்" என்றார்.

எங்கள் ஊரிலும் அதே முறைதான். பெண்ணின் கையில் சகோதரன் பொரி அள்ளிப் போட வேண்டும், அதை அவள் அக்கினியில் இட வேண்டும். இதைப் பற்றி நாங்கள் யாரும் யோசிக்கவேயில்லை. அம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டு விம்மத் தொடங்கிவிட்டார். குருக்களுக்கு விஷயம் விளங்காமல், "சீக்கிரம், முகூர்த்தம் போறது" என்றார். மாப்பிள்ளையின் மாமா தரையைப் பார்த்தார். என் கை வெறுமையாக நீண்டபடி இருந்தது. அந்த நேரம் என் கல்யாணமே வேண்டாம் என்று நினைத்தேன்.

தூணோரம் நின்ற ஏழுமலை, "நான் போடுறேன் சாமி" என்றார்.

"நீ யாரப்பா?"

"அண்ணன்தான். போட வுடு சாமி, நேரம் ஆவுது."

காக்கிச் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, கை கழுவிவிட்டு வந்து, மூன்று தரம் பொரி அள்ளிப் போட்டார். படம் பிடிப்பவர் அதையும் பிடித்தார். திரும்பி வரும்போது மாப்பிள்ளை கூலியோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கப் போனார். ஏழுமலை முறைத்தார். "கூலியே வாணாம்ன்றேன், இதுல மேல வேற. தங்கச்சி கல்யாணத்துக்கு எவன்யா மீட்டர் போடுவான்?" என்றார்.

என் புருஷன் மூன்று கிழமையில், மூன்றே வாரத்தில், திரும்பிப் போய்விட்டார். நானும் அம்மாவும் இந்த நாட்டு விசாவுக்குக் காத்திருந்தோம். தீபாவளிக்கு ஏழுமலையும் அவர் மனைவி கன்னியம்மாவும் தாம்பாளத்தில் சேலை, வெற்றிலை பாக்கு, பலகாரம் என்று மாடியேறி வந்தார்கள். தலை தீபாவளிச் சீராம். அம்மாவுக்குச் சந்தேகம். "வெளிநாட்டுக் காசுக்கு ஆசைப்படுறாங்களோ, பிள்ளை?" என்று என் காதில் சொன்னார். அந்த நேரம் தெருவில் அணுகுண்டு வெடி ஒன்று வெடித்தது. அம்மா அந்த இடத்திலேயே தரையில் படுத்துவிட்டார். ஏழுமலை ஒரு கணம் பார்த்தார். பிறகு இறங்கிப் போய் ஆட்டோவைத் தெருவுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, "டேய், இந்தத் தெருவுல இனி எவனாவது கொளுத்துனீங்க, கைய ஒடிச்சிடுவேன். மத்தாப்பு கொளுத்துங்கடா" என்று கத்தினார். மாலை வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அம்மா காசைப் பற்றிப் பேசவில்லை.

பொங்கலுக்கும் வந்தார்கள். புது அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு. கன்னியம்மா என் தலைமுடியைப் பார்த்து, "இன்னாடி இது, கொசுவலை மாதிரி" என்று எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள். நான் அவர்களை அண்ணா, அண்ணி என்று கூப்பிடத் தொடங்கி அதற்குள் பல மாதம் ஆகியிருந்தது.

பங்குனியில் விசா அலுவலகத்தில் நேர்முகம். அதிகாரி ஒரு வெள்ளைக்காரப் பெண். பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இது யார், இது யார் என்று கேட்டார்கள். பொரி போடுகிற படம் வந்தது.

"இது யார்?"

"என்ர அண்ணா," என்றேன்.

அதிகாரியின் பேனா நின்றது. எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விண்ணப்பத்தில் எனக்கிருந்த ஒரே சகோதரன் இறந்துவிட்டான் என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். என் புருஷனை அவர் இருந்த நாட்டில் கேட்டபோது, "அது எங்களைக் கூட்டிப்போன ஆட்டோக்காரர்" என்று உள்ளதைச் சொல்லியிருந்தார். நானும் உள்ளதைத்தான் சொன்னேன். இரண்டு உண்மையும் சேர்ந்து ஒரு பொய்யாகிவிட்டது. விளக்கம் சொல்ல வாயெடுத்தேன், முடியாமல் அழுதேன். மாட்டிக்கொண்டவள் அழுகிறாள் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஆவணியில் மறுப்புக் கடிதம் வந்தது. ஆட்களைக் கூலிக்குப் பிடித்து நடத்திக் காட்டிய திருமணம் என்று அதில் இருந்தது. மூன்று முடிச்சும் என் கழுத்தில் கிடக்கிறது, என்னை மனைவி இல்லை என்கிறார்கள்.

கடிதம் வந்த அதே கிழமை பிள்ளையார் சதுர்த்தி. ஏழுமலை அண்ணா கொழுக்கட்டையோடு வந்தார். அம்மா அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

"தம்பி, நீங்கள் இனி இஞ்ச வராதேங்கோ. என்ர பிள்ளை செத்துப் போனான். அவனுக்குப் பதிலா எனக்கு ஆளும் வேண்டாம், பேரும் வேண்டாம். உங்களாலதான் இவளின்ர வாழ்க்கை அழிஞ்சது."

அண்ணாவுக்கு ஒன்றும் தெரியாது. யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். "சரிம்மா" என்றார். டப்பாவைப் படியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அன்றைக்குத்தான் அடியார்களே, தொடக்கத்தில் சொன்ன அந்த யோசனை எனக்கு வந்தது.

அதன் பிறகு எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றது. என் புருஷன் அங்கே மேன்முறையீடு செய்திருந்தார். ஆனால் தொலைபேசியில் அவர் குரல் சுருங்கிக்கொண்டே வந்தது. மூன்று கிழமை பழகிய மனிதர். எத்தனை நாளைக்கு என் முகம் அவருக்கு ஞாபகம் இருக்கும்? அவருடைய ஆட்கள் வேறு பெண் பார்க்கச் சொல்கிறார்கள் என்று யாரோ வழியாகக் காதில் விழுந்தது. எங்களோடு காத்திருந்த மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாக விமானம் ஏறினார்கள். போகும்போது சட்டி பானையை எனக்குத் தந்துவிட்டுப் போனார்கள். குசினி நிறைந்துகொண்டு வந்தது. அடுத்த தீபாவளிக்குத் தெருவில் வெடித்தது வெடித்தபடி. அம்மா குளியலறைக்குள் போய் இருந்துகொண்டு காதைப் பொத்தினார். கதவைத் திறக்கச் சொல்லி நான் வெளியே நின்று கெஞ்சினேன். அம்மா அதற்குப் பிறகு சாப்பாட்டையும் குறைத்துவிட்டார். தேநீர், பாண் என்கிற ரொட்டியில் அரைத் துண்டு, அவ்வளவுதான்.

முருகனோடு நான் கோபம். வெறும் கோபம் இல்லை, வழக்கு. உனக்கு இரண்டு மனைவி, இரண்டு பேரையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நிற்கிறாய். எனக்கு ஒரே ஒரு புருஷன், அவரைப் பனிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டாயே என்று கேட்டேன். திருப்போரூர்ப் பக்கம் போவதை நிறுத்தினேன்.

மார்கழியில் ரூபன் அண்ணாவின் திவசம் வந்தது. அம்மா மாமல்லபுரம் கடலில் எள்ளுத் தண்ணீர் இறைக்க வேண்டும் என்றார். இரண்டு பஸ் மாறிப் போனோம். கடற்கரையில் சுற்றுலா வந்தவர்கள் கோயிலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தர்ப்பணம் செய்து வைக்கிறவர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அவர் எங்களுக்குப் பின்னால் பார்த்தார்.

"ஆம்பளைங்க யாரும் வரலியா?"

"இல்லை."

"அப்போ எப்படிம்மா?"

அவரைக் குறை சொல்லமாட்டேன், அவர் படித்த முறை அது. நான் இறங்கிப் போய்த் தண்ணீரில் நின்றேன். அலை முழங்காலைத் தாண்டி வந்தது. இன்னும் நாலடி வைத்தால் எல்லாம் முடிந்துவிடும். அம்மா பின்னாலிருந்து, "பிள்ளை, வா, பஸ் போகப் போகுது" என்றார். ஏதோ சந்தைக்கு வந்தவளைக் கூப்பிடுவது போலச் சாதாரணமாகக் கூப்பிட்டார். அதனால்தான் திரும்பி வந்தேன். எள்ளும் தர்ப்பையும் பையிலேயே இருந்தன.

பஸ் கேளம்பாக்கம் தாண்டும்போது அம்மா எள்ளுப் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். துரத்தி விட்டவரை எந்த முகத்தோடு போய்க் கூப்பிடுவது?

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுத் தனியே திருப்போரூர் போனேன். பக்தியில் போகவில்லை. போக வேறு இடம் இல்லை. சந்நிதியில் விசா கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லே எனக்குக் கசந்துவிட்டது. "எனக்கு ஒரு நாடும் வேண்டாம். அண்ணாவை மட்டும் திருப்பித் தா. அம்மா அந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டுத் தானும் சாப்பிடட்டும்," என்றேன். எந்த அண்ணாவைக் கேட்கிறேன் என்று எனக்கே தெளிவில்லை. செத்தவனா, இருப்பவரா? முருகனுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வந்தால் வாசலில் ஆட்டோ நிற்கிறது. மாடியில் அம்மா பிட்டு அவித்துக்கொண்டிருக்கிறார். ஏழுமலை அண்ணா சப்பணம் போட்டு உட்கார்ந்து, சம்பலைத் தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டிருக்கிறார். அம்மாவின் சாப்பாட்டுக் கோப்பையிலும் பிட்டு இருந்தது.

"இன்னா தங்கச்சி, கோயிலுக்கா போயிருந்த?" என்றார், நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்தவர் மாதிரி.

நடந்ததை இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். நான் திருப்போரூரில் நின்ற நேரம், விசா அலுவலகத்து வெள்ளைக்காரப் பெண்ணும் மொழிபெயர்ப்பாளரும் முன்னறிவிப்பு இல்லாமல் விசாரிக்க வந்திருக்கிறார்கள். மேன்முறையீட்டுக்காக நேரில் பார்க்க வந்தார்களாம். ஸ்டேஷன் வாசலில் கார் நின்றதும், ஆட்டோக்காரர்களிடம் என் கல்யாணப் படத்தைக் காட்டி வழி கேட்டிருக்கிறார்கள். "யாரு, நம்ம ஏழுமலை தங்கச்சியா? மாடி வூடு. தோ, அவனே கீறான் பாரு" என்று எல்லாரும் சேர்ந்து அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் முன்னால் ஆட்டோவை ஓட்ட, கார் பின்னால் வந்திருக்கிறது.

மாடியில் அம்மாவிடம் கேட்டார்களாம், இந்த ஆள் யார் என்று.

"என்ர மகன்," என்றாராம் அம்மா.

உங்கள் மகன் இறந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறதே என்றார்களாம்.

"அவன் நான் பெத்த பிள்ளை. இவன் என்ர மகளுக்குப் பொரி போட்ட பிள்ளை."

இவர் கடைசியாக எப்போது இந்த வீட்டுக்கு வந்தார் என்று கேட்டிருக்கிறார்கள். அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ஆவணிக்குப் பிறகு வரேல்ல. நான்தான் கோவிச்சுத் துரத்திப் போட்டன். இந்தக் கடிதம் வந்த துக்கத்தில் பேசக் கூடாததெல்லாம் பேசிப் போட்டன்," என்று சொல்லி, அவர்கள் முன்னாலேயே அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அண்ணா நெளிந்துகொண்டு, "அட இன்னாம்மா நீ, பெரிய மனுஷங்க வந்துகினு கீறாங்க, அத்தப் போயி… அம்மா திட்டினா புள்ள செத்தா பூடுவான்? நாஸ்தா துன்னியா நீ, மொதல்ல அத்தச் சொல்லு" என்றாராம். மொழிபெயர்ப்பாளர் இதை எப்படி மொழிபெயர்த்தாரோ, முருகனுக்குத்தான் வெளிச்சம்.

நான் வீட்டில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பயத்தில் விளக்கம் சொல்கிறேன் என்று குழப்பி அடித்திருப்பேன். ரூபன், ஏழுமலை, முறை, சடங்கு என்று ஒன்றுக்கு நாலு சொல்லி, இன்னும் பொய்க்காரியாகியிருப்பேன். அதனால்தான் முருகன் அந்த நேரம் பார்த்து என்னைத் தன் சந்நிதியில் இழுத்து நிறுத்திக்கொண்டான்.

சித்திரையில் விசா வந்தது. கடவுச்சீட்டைத் தரும்போது அந்த மொழிபெயர்ப்பாளர் மெல்லிய குரலில் சொன்னார்: "கூலிக்குப் பிடித்த ஆளோடு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று மேடம் எழுதினாங்கம்மா." எங்கள் வாழ்க்கையையே கெடுத்தது என்று நான் நினைத்த அந்தச் சண்டைதான் எங்களைக் காப்பாற்றியது. என் புத்தியால் இதைச் செய்திருக்க முடியுமா?

இந்த நாட்டுக்கு வந்ததும் சுகம் என்று நினைக்காதீர்கள். மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டு. புருஷன் எனக்கு அந்நியர், அவருக்கு நான் அந்நியம். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் "தண்ணி வேணுமா" என்று கேட்டே ஒரு மாரிகாலம் போனது. முதல் பிள்ளை வயிற்றில் வந்த பிறகுதான் சிரித்துப் பேசினோம். அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பவும் மாட்டேன் என்றார். மாம்பாக்கத்தில் அண்ணா வீட்டிலேயே இருந்துகொண்டார். கன்னியம்மா அண்ணி சொதி வைக்கப் பழகினாள்.

இரண்டாயிரத்து இரண்டு மாசியில் அம்மா போய்விட்டார். காலையில் குளித்துவிட்டு வந்து படுத்தவர் எழும்பவில்லை. இங்கே எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து கட்டிலில் கிடக்கிறேன். போக வழியில்லை. தலையில் அடித்து அழுதேன். தொலைபேசி அடித்தது. அண்ணா.

"தங்கச்சி, அழாத. உங்க ஊரு மொறை இன்னா, ஒண்ணொண்ணா சொல்லு. நான் அப்டியே செய்றேன்."

சொன்னேன். சுண்ணம் இடிக்க வேண்டும் என்றேன். அப்படி என்றால் என்ன என்று கேட்டு, உரலில் மஞ்சளைப் போட்டு இடிக்க அண்ணியை அனுப்பினார். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்க வேண்டும் என்றேன். அவருடைய பிள்ளைகள் பிடித்தார்கள். கொள்ளிக்குடம் சுற்றுவது, கொத்துவது எல்லாம் கேட்டுக்கொண்டார். சொல்லச் சொல்ல என் அழுகை நின்றது. அன்று மாலை மறுபடியும் எடுத்தார்.

"கொள்ளி வெச்சிட்டேன் தங்கச்சி. நாளைக்குச் சாம்பலை மாமல்லபுரத்துல கரைச்சிடறேன், எள்ளுத் தண்ணியும் வுட்டுடறேன். ரூபனுக்கும் சேத்து வுட்டுடறேன். நீ தலைக்குத் தண்ணி ஊத்திக்கோ. ஊத்திட்டு ஒரு வாய் துன்னு. புள்ளைக்குப் பால் குடுக்கணும்ல."

ரூபன் பெயரை அவர் வாயால் அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. நான் சந்நிதியில் எந்த அண்ணாவைக் கேட்டேன் என்று தெரியாமல் நின்றேனே. முருகன் இரண்டு பேரையும் தந்துவிட்டான்.

அடியார்களே, உங்களில் பலருக்கு இன்னும் கடிதம் வரவில்லை, ஆட்கள் வரவில்லை, போனவர்களைப் பற்றிய செய்தி வரவில்லை. எனக்குத் தெரியும். முருகனோடு கோபித்துக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை. சொந்தம் இல்லாதவனோடு யார் கோபிப்பார்கள்? கேட்பதையும் கேளுங்கள். ஆனால் வருகிறவன் மயிலில்தான் வர வேண்டும் என்று மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். ஆட்டோச் சத்தம் கேட்டாலும் எழும்பிப் போய்க் கதவைத் திறந்து பாருங்கள்.